ரோஸ்லின் அக்காவின் பாதங்கள்

ரோஸ்லின் அக்காவைச் சிலுவையில் அறைந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். ஐந்து வயதில் என் மூளை அவ்வளவுதான் ஓடியது. இன்று ஹட்டன் பஸ்ஸில் யாரோ ஈரச் சவுக்கார வாசத்தோடு பக்கத்தில் உட்கார்ந்ததும், தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் எங்களை விட்டுச்சென்ற, இப்போது இடித்துத் தள்ளப்பட்ட பிள்ளைக்காம்பராவுக்குள் ஓடிவிட்டேன். தகரத்தில் மழை ஓயாமல் கொட்ட, ஆயாவான அக்கா, அட்டை ஏறாதபடி எங்கள் கால்களில் சவுக்காரம் தேய்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் காலை அவருடைய பாதங்கள் இரண்டிலும் ரத்தம், சுவரிலிருந்த இயேசு படத்தைப் போலவே.

“ஐயோ, அக்கா சாகப்போறாங்க!” என்று அலறித் தொட்டிலுக்கடியில் புகுந்தேன்.

“அட்டைதான்டா கடிச்சது. செத்தாலும் மூணாம் நாள் எந்திரிச்சிருவேன், வெளிய வா!” என்று சிரித்தார்.

தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டு மலையேறிய என் அம்மாவுக்குத் தன் சப்பாத்துகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அக்கா வெறுங்காலோடு வந்திருந்தார்.