‘டிஸ்க் பழுது’ என்று எழுதியவன்

முருகையனுக்குத் தப்பே வராது என்று முருகையனே சொல்லிக்கொண்டு திரிவான். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிட்ட குடும்பம். பொறியியல் படித்து, சென்னையில் பத்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, ஒரு சின்ன நிறுவனத்துக்குப் புது இயங்குதளம் எழுதுகிறான். மைக்ரோகெர்னல் வகை. நடுவில் இருக்கும் கெர்னல் என்ற மூல நிரல் மிகச் சிறியது. டிஸ்கைப் படிப்பது போன்ற வேலைகளை வெளியே டிரைவர் என்ற தனித்தனி நிரல்கள் பார்த்துக்கொள்ளும். ஒரு டிரைவர் செத்தால் இன்னொரு நிரல் அதை எழுப்பிவிடும், மொத்த மெஷினும் விழாது. இதைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவரின் டீ ஆறிப்போகும்.

டிஸ்க் டிரைவர் அவன் கைவேலை. அவனுடைய புது லேப்டாப்பில் கண்மூடித் திறப்பதற்குள் ஓடியது. பழைய மெஷின்களிலும் ஓடுகிறதா என்று பார்க்க, டவுனில் ஒரு தனியார் கல்லூரி ஆய்வகத்தில் அனுமதி வாங்கினான். அங்கே உதவியாளர் கஸ்தூரி, பதினாறு வருஷமாக அந்த மெஷின்களைத் துடைத்து, கழற்றி, மாட்டி வருபவர். முதல் நாளே போன் செய்தார்.

“சார், பூட் ஆவலைங்க. டிஸ்க் இல்லைனு வருது. ஆனா சத்தம் வருதுங்க. சுத்த ஆரம்பிக்குது, நிக்குது, மறுபடி ஆரம்பிக்குது. அஞ்சு வாட்டி. வீடியோ அனுப்பியிருக்கேன்.”

“சத்தத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. லாக் மட்டும் அனுப்புங்க,” என்றான் முருகையன்.

லாகில், அதாவது மெஷின் தானே எழுதிவைக்கும் பதிவில், டிரைவர் ஐந்து முறை எழுந்து, ஐந்து முறையும் ‘டிஸ்க் இல்லை’ என்று சொல்லிச் செத்திருந்தது. போட்டுப் பார்த்த மூன்று மெஷினிலும் இதே கதை. மூன்றும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா என்று யோசிக்க வேண்டாமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கல்லூரி முதல்வருக்கு அறிக்கை எழுதினான்: ‘டிஸ்க் பழுது. மெஷின்களைக் கவனமில்லாமல் கையாண்டிருக்கலாம்.’ அந்த இரண்டாவது வாக்கியத்தை அவனிடம் யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம் போனில் வேறு எதையோ தேடும்போது அந்த வீடியோ தட்டுப்பட்டது. முதல் தடவையாகச் சத்தத்தோடு கேட்டான். கிர்ரென்று வேகமெடுக்கிறது, பட்டென்று அடங்குகிறது, மறுபடி கிர்ரென்கிறது. செத்த டிஸ்க் இப்படிச் சத்தம் போடாது. நிரலைத் திறந்தான். டிஸ்க் தயாராகும்வரை இரண்டு நொடி காத்திரு என்று அவனே எழுதியிருந்தான். பழைய டிஸ்குக்குச் சுற்றி வேகம் பிடிக்கவே ஆறேழு நொடி வேண்டும். இரண்டு நொடியில் டிரைவர் கைவிட்டுச் செத்தது. எழுப்பியதும் முதல் காரியமாக டிஸ்கை ரீசெட் செய்தது. பாதி எழுந்தவனைத் திரும்பப் படுக்க வைத்துவிட்டு, இன்னுமா எழுந்திருக்கவில்லை என்று கேட்கிற கதைதான். கஸ்தூரி முதல் நாளே இதைத்தான் சொன்னார். முருகையனுக்குக் காது மடல் சுட்டது.

வெட்கப்பட்டவன் உடனே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இவனோ இரண்டைப் பத்தாக மாற்றி, ரீசெட்டை எடுத்துவிட்டு, ‘புது வெர்ஷன், போட்டுப் பாருங்க’ என்று மட்டும் அனுப்பினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

ஒரு மணி நேரத்தில் கஸ்தூரி அழைத்தார்.

“மூணும் வந்துடுச்சு சார்! ரொம்ப நன்றிங்க. நான்தான் எங்கயோ இடிச்சுட்டேன் போலனு நெனச்சேன். பிரின்சிபால் எல்லார் எதிர்லயும் மெமோ குடுத்தாரு. அப்பலேர்ந்து மெஷினைத் தொடவே பயமா இருக்குங்க. இனிமே ஜாக்கிரதையா இருப்பேங்க. மன்னிச்சுக்குங்க.”

“பரவால்லீங்க,” என்றான்.

செய்யாத குற்றத்துக்கு அவர் மன்னிப்புக் கேட்க, செய்தவன் பெரிய மனசோடு மன்னித்துவிட்டான்! போனை வைத்த பிறகு அந்தப் ‘பரவால்லீங்க’ அவனைப் பிடுங்கித் தின்றது. அதற்கு மேல் அறையில் உட்கார முடியவில்லை.

அன்று பௌர்ணமி, ஆட்டோ ஓடவில்லை. கிரிவலம் வருகிற கூட்டத்துக்கு எதிரே, இடிபட்டுக்கொண்டு கல்லூரிவரை நடந்தான். முதல்வர் அறையில், கஸ்தூரியையும் கூப்பிடச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னான்.

“அதான் சரியாயிடுச்சே சார்,” என்றார் முதல்வர். “மெமோவைக் கிழிச்சுப் போட்டுடறேன். விடுங்க.”

விட்டுவிடலாம் என்று முருகையனுக்கும் ஆசை வந்தது, வெட்கங்கெட்ட ஆசை. கஸ்தூரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சத்தம் வருதுனு அன்னிக்கே சொன்னேனே சார்.”

“சொன்னீங்க. நான்தான் கேக்கலை. என்னை மன்னிச்சுடுங்க.”

“இந்த ரூம்ல சொன்னா எனக்குப் பத்தாதுங்க. மெமோவை லேப்ல வெச்சுக் குடுத்தாங்க. முப்பது பசங்க பாத்தாங்க.”

முதல்வர் வாயைத் திறப்பதற்குள் முருகையன் எழுந்துவிட்டான். ஆய்வகத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முப்பது முகங்களும் திரும்பின. தரையைப் பார்த்தபடி சொன்னான்: “டிஸ்க் பழுது இல்லை. நான் எழுதினதுதான் தப்பு. இவங்க மொத நாளே சரியா சொன்னாங்க. நான் இவங்க மேல பழி போட்டுட்டேன்.”

பாதிக்கு மேல் அவன் குரல் எழும்பவில்லை.

“கடைசி வரிசைக்குக் கேக்கலைங்க சார்,” என்றார் கஸ்தூரி.

முருகையன் தலையை நிமிர்த்தி, முதலிலிருந்து, உரக்கச் சொன்னான்.