ரிவர்ஸ்காரரும் அரைப்பாலத் தொகுதியும்

தொகுதி அலுவலகத்து வண்டிக்கு ஒரு விசித்திரமான விதி உண்டு. வண்டி அரசாங்கத்தினுடையது, ஓட்டுநர் மட்டும் ஜெயித்தவர் இஷ்டம். புதிய சட்டசபை உறுப்பினர் பதவிக்கு வந்த முதல் நாள் சாயங்காலத்துக்குள் "இவரே இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஓட்டுநர் பிழைத்தார். சொல்லாவிட்டால் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஓட்டுநர் அன்று கருக்கலிலேயே எழுந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க, வண்டிக்கு வலிக்கப்போகுது" என்றார் அவர் மனைவி, வாசல் அறையில் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டபடி. "புதுசா ஜெயிச்ச அந்தம்மாவோட தங்கச்சி வீட்டுக்காரர் லாரி ஓட்டுறாராம். அவரைத்தான் வைக்கப்போறாங்கன்னு ரவிக்கை தைக்கக் கொடுத்தவங்க சொன்னாங்க."

"ரவிக்கை கொடுக்கிறவங்களுக்கு எதுக்கு என் கவலை?"

"அவங்களுக்கு இல்ல, எனக்குத்தான். வேலை போச்சுன்னா நாள் பூரா என் பக்கத்துல உக்காந்து, ஊசி வளைஞ்சிருக்கு, நூல் தொங்குதுன்னு யோசனை சொல்லுவீங்களே."

ஊரில் அந்த ஓட்டுநருக்கு ரிவர்ஸ் என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதையை அறியாத குழந்தைகூட அங்கே இல்லை. ஒருமுறை சந்தைத் தெருவில், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊரே திரண்டு வண்டியை மறித்தது. திருப்ப இடமில்லை. ஓட்டுநர் பின்னோக்கியே கிளம்பினார். முழுத்தெருவும் தாண்டி, ஆஸ்பத்திரி தாண்டி, நெடுஞ்சாலை வரைக்கும் ரிவர்ஸிலேயே போனார். ஜனங்கள் கத்திக்கொண்டே துரத்தினார்கள். வண்டிக்குள் இருந்த உறுப்பினரோ அவர்களைப் பார்த்துக் கையசைத்தபடி வந்தார். இறங்கியதும் கண்கலங்கி, "இவ்வளவு கூட்டம் என் பின்னாடி வந்ததே இல்லப்பா" என்றாராம்.

ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் செங்கல் சூளைகள், நடுவில் கடைத்தெரு: இதுதான் தொகுதி. இதன் முதல் உறுப்பினர் அரிசி மில்காரர். எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் ஜெயித்தார். சட்டசபையில் தன் காலம் முழுவதும் ஒரே ஒருமுறைதான் வாயைத் திறந்தார். "அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க" என்றார். சாத்தினார்கள். நம்ம ஆள் கேட்டு நடக்காத காரியமே இல்லை என்று தொகுதி பூரித்துப்போயிற்று. அடுத்து வந்தவர் தலைமையாசிரியை. மனுவில் பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழித்து, திருத்தி எழுதிவரச் சொல்லுவார். வேலை கேட்டு மனு எழுதி எழுதியே பாதிப் பேர் பரீட்சை தேறி வேலைக்குப் போய்விட்டார்கள் என்பார்கள். பிறகு பல் டாக்டர். ரிவர்ஸ் வேலையில் சேர்ந்தது அவரிடம்தான். குறை சொல்ல வருகிறவர் வாயைத் திறந்ததும் டாக்டர் குனிந்து உள்ளே பார்ப்பார். ரோடு வந்ததோ இல்லையோ, அந்தத் தொகுதியில் சொத்தைப்பல் இல்லாமல் போயிற்று.

அவருக்குப் பின் வக்கீல். மூன்று தடவை ஜெயித்தவர். ஆற்றுக்குப் பாலம் கட்டியவர் அவர்தான். கட்டியது பாதிப் பாலம். ஆற்றின் நட்டநடுவில்தான் தொகுதியின் எல்லை. தன் பாதியை அவர் கட்டிவிட்டார்; மறுபாதியை அக்கரைத் தொகுதிக்காரர் கட்ட வேண்டும். அவர் கட்டவில்லை. பாலம் அந்தரத்தில் கை நீட்டியபடி நின்றது. மீன்பிடிக்க அதைவிடத் தோதான இடம் வேறில்லை.

போன வருடம் எல்லைகளைத் திருத்தியவர்கள் அக்கரையையும் இதே தொகுதியில் சேர்த்துவிட்டார்கள். அக்கரை ஓட்டெல்லாம் மொத்தமாக அக்கரை நர்ஸுக்கு விழுந்தது. பிரசவம் பார்த்த வீடுகளில் ஓட்டுக் கேட்கவே வேண்டியிருக்கவில்லையாம். வக்கீல் தோற்றார்.

ஆக, நர்ஸ் அன்று படகில் வந்து துறையில் இறங்கினார். ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டார்.

"வணக்கம்மா."

"வணக்கம் அண்ணே. நேரா ஆபீஸுக்குப் போயிடலாம்" என்று ஏறி உட்கார்ந்தவர், மடியில் மனுக்களை விரித்துக்கொண்டு படிக்கத் தொடங்கிவிட்டார்.

துறையிலிருந்து வரும் சாலை பிள்ளையார் சுழிபோல ஒரு வளைவு வளைந்து இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் அலுவலகம், இடப்பக்கம் வக்கீல் வீடு. பின்சீட்டில் காகிதம் சலசலத்தது. பதினைந்து வருடமாக வக்கீல் மனு படிக்கும் அந்தச் சத்தம் கேட்டால் கை என்ன செய்யுமோ அதையே செய்தது. வண்டி இடப்பக்கம் திரும்பியது. வேலை நிலைக்குமா நிலைக்காதா என்ற யோசனையில் ஓட்டுநர் அதைக் கவனிக்கவே இல்லை. வாசலில் நிறுத்தி, வழக்கம்போல இரண்டு தடவை ஹாரன் அடித்தபோதுதான் அது யார் வீடு என்று அவருக்கு உறைத்தது.

கை பழகியது அவருக்கு மட்டுமல்ல. ஹாரன் சத்தம் கேட்டதும், பனியனோடு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வக்கீல் குழாயைப் போட்டுவிட்டு வந்து, வண்டியின் பின்கதவைத் திறந்து ஏறப்போனார். அவர் இடத்தில் நர்ஸ் உட்கார்ந்திருந்தார்.

"யோவ் ரிவர்ஸ்" என்றார் வக்கீல் மெதுவாக, "வண்டியில யாரோ இருக்காங்கய்யா."

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி எட்டிப்பார்த்தார். "நீங்கதான் தோத்துட்டீங்களே, எங்க கிளம்பிட்டீங்க?"

நர்ஸ் மனுக்களை மூடினார். வக்கீலைப் பார்த்தார், பிறகு ஓட்டுநரின் சிவந்துபோன காதுகளைப் பார்த்தார்.

"அண்ணே, இதுவா ஆபீஸ்?"

"இல்லம்மா."

"இவர் வரச்சொன்னாரா?"

"ஐயோ, இல்லம்மா. கை தானா திரும்பிடுச்சு."

வேலை போயிற்று என்று ஓட்டுநர் முடிவுகட்டிவிட்டார். சாவியை இப்போதே கழற்றிக் கொடுத்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும் என்று தோன்றியது. ஆனால் நர்ஸ் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

"ஏறுங்க சார். வந்தது வந்தாச்சு. உங்க பாலத்தைப் பத்தி கேக்கணும்."

"சட்டை போட்டுக்கிட்டாவது போங்க" என்று மனைவி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

வண்டியைப் பாலத்தடியில் நிறுத்திவிட்டு, பாலத்தின் நுனி வரைக்கும் மூவரும் நடந்தார்கள். தூண்டில் போட்டிருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். வக்கீல் கைப்பிடிச்சுவரைத் தட்டிக்காட்டினார்.

"என் பாதியில ஒரு விரிசல் கிடையாது. மிச்சப் பாதி அந்தத் தொகுதிக்காரங்க பொறுப்பு. எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா?"

"அந்தத் தொகுதியே இப்போ இல்ல சார். ரெண்டு பாதியும் என் தலையிலதான்."

வக்கீல் தண்ணீரைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த எல்லையைத் திருத்தச் சொல்லி மனு கொடுத்தவனே நான்தான்மா. பாலத்தை முடிச்சிடலாம்னு நினைச்சேன். நீங்க வருவீங்கன்னு நினைக்கல."

"அப்போ கூட வாங்க. எந்த ஆபீஸ்ல யார் இழுத்தடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

"எல்லாரும் இழுத்தடிப்பாங்க. யாரு குறைச்சலா இழுப்பாங்கன்னு சொல்றேன்."

பகல் முழுவதும் அதே வண்டியில் மூன்று அலுவலகங்களுக்குப் போய்வந்தார்கள். பின்சீட்டில் ஓயாத சண்டை. தூண் எங்கே ஊன்றுவது என்று தொடங்கி, போன தேர்தலில் யார் யாரைப் பற்றி என்ன பேசினார் என்பதுவரை போயிற்று. ஒவ்வொரு சண்டையின் முடிவிலும் நர்ஸ் "அண்ணே, நீங்க சொல்லுங்க" என்பார், வக்கீல் "சொல்லுய்யா ரிவர்ஸ்" என்பார். ஓட்டுநர் ரோட்டைப் பார்த்துத் தலையாட்டுவார். ஒரு பொறியாளர் வந்து பார்ப்பதாகத் தேதி கொடுத்தார். மில்காரருக்காக ஜன்னலைச் சாத்தியதற்குப் பிறகு தொகுதிக்கு இவ்வளவு வேகமாக எதுவும் கிடைத்ததில்லை.

வக்கீலை வீட்டில் இறக்கிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் வண்டி படகுத்துறைக்கு வந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்தார். நர்ஸ் இறங்கவில்லை.

"என் தங்கச்சி வீட்டுக்காரர் வண்டி நல்லா ஓட்டுவார் அண்ணே. சொன்ன இடத்துக்குத்தான் போவார்."

"தெரியும்மா. நல்ல மனுஷன்னு கேள்விப்பட்டேன்."

"நான் தோத்த பிறகு, புதுசா வர்றவங்களை இப்படி என் வீட்டு வாசல்ல கொண்டுவந்து நிறுத்துவீங்களா?"

ஓட்டுநருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "கை பழகிட்டா நிறுத்திடுவேன்மா."

"சரி, பழகட்டும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் படகில் ஏறினார்.