கிணறுகளுக்கு நிறம் போடுமுன்

பக்கத்து வளவில் தண்ணிப் பம்பு இருமி, இருமி, பிறகு ஒரே மூச்சாய் ஓடத் தொடங்கும்போதெல்லாம் எனக்கு அரியாலை நினைவு வரும். அன்றைக்கு அங்கேயும் ஒரு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. விறாந்தையில் நாங்கள் மூன்று பெண்கள், இன்னும் எழுதப்படாத ஒரு கணினி நிரலுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம்.

கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பதிந்து வைக்கிற செயலி எங்களுடையது. இலவசம். நிரல் முழுவதும் திறந்தே கிடக்கும். யாரும் பார்க்கலாம், திருத்தலாம். எழுதுகிறவள் உடுவிலில் இருக்கும் என் மச்சாள். திரையில் வருகிற தமிழ் என்னுடையது. ஊருக்கு ஒருவராய்த் தங்கள் ஒழுங்கை, தெருக் கிணறுகளை அளந்து அனுப்புவார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தால் இருப்புக் கொள்ளாது. வந்தது: ஒரு வரைபடம், ஒவ்வொரு கிணறும் ஒரு புள்ளி, நல்ல தண்ணீர் நீலம், உவர் சிவப்பு.

"இண்டைக்கே எழுதும் மச்சாள்."

"கவிதை எண்டு நினைச்சீரோ, வந்த உடனை எழுத? முதல் செயலியின்ரை பொதுப் பக்கத்திலை போடும். ஆக்கள் கதைக்கட்டும். பிறகு பாப்பம்."

போட்டேன். கனடாவிலிருந்தும் மயிலிட்டியிலிருந்தும் பாராட்டு வந்தது. பிறகு, அரியாலையில் கிணறு அளக்கும் அக்கா ஒரு பதில் எழுதினா: "என்ரை மகளுக்குச் சீதனமாய் எழுதப்போற வளவுக் கிணறும் உவர்தான். அதுக்குச் சிவப்புப் போட ஆரைக் கேட்டனீங்கள்?"

மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிகிற நேரம். நானும் மச்சாளும் அரியாலைக்கு நேரிலேயே போனோம்.

"மறைச்சால் தண்ணி இனிக்குமோ அக்கா?" என் வாய் சும்மா இராது.

"மறைக்கச் சொன்னனானோ? மாப்பிள்ளை வீட்டார் உங்கடை படத்தைப் பாத்து அறியக் கூடாது. நான் சொல்லி அறிய வேணும். கிணறும் என்ரை, வாயும் என்ரை."

"ஒரு வாயை அடக்கவே எனக்கு வழியில்லை," என்று மச்சாள் என்னைக் காட்டினாள். "இப்ப ரெண்டு."

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பம்பு நிற்கும் வரைக்கும் கதைத்தோம். கடைசியில் முடிவானது இது: கிணற்றுக்குச் சொந்தக்காரர் ‘சம்மதம்’ என்று அழுத்தினால்தான் புள்ளி தெரியும், இல்லையென்றால் இல்லை.

"அப்ப படம் வெறுமையாக் கிடக்கும்," என்று முணுமுணுத்தேன்.

"கிடக்கட்டும்," என்றாள் மச்சாள். அங்கேயே கைபேசியை எடுத்து முடிவைப் பொதுப் பக்கத்தில் பதிந்தாள்.

எத்தனையோ கவிதை எழுதியிருக்கிறேன், கிழித்திருக்கிறேன். ஒரு வரி நிரல்கூட எழுதாமல் கழிந்த அந்தப் பின்னேரம் தந்த பெருமையை அவற்றில் ஒன்றும் தரவில்லை. என் அவசரம், அக்காவின் கேள்வி, எங்கள் முடிவு, எல்லாம் அந்தப் பக்கத்தில் இன்னும் திறந்தே கிடக்கின்றன. புதிதாய் வருகிறவர்களுக்கு, முதலில் இதை வாசியுங்கள் என்று நானே அனுப்புகிறேன்.

வெளிக்கிட்டபோது அக்கா படலை வரை வந்தா. மச்சாள் ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

"மாப்பிள்ளை வீட்டாருக்கு எப்ப சொல்லப் போறியள்?" என்று கேட்டேன்.

"காலமையே சொல்லிப்போட்டன். யோசிச்சுச் சொல்லுறமெண்டவை." படலைக் கொழுக்கியைப் பிடித்தபடி மச்சாளைப் பார்த்தா. "நீங்கள் எழுதத் தொடங்குங்கோ பிள்ளை. முதல் சிவப்பு என்ரை கிணறாய் இருக்கட்டும். சரி, போயிட்டு வாங்கோ."