சபுரா அக்கா கேட்ட மேகம்

ஷிப்டு நடக்கும்போது டேபிளை விட்டு யாரையும் எழுப்ப மாட்டார்கள். போனெல்லாம் லாக்கரில் கிடக்கும். அதனால் போன வியாழக்கிழமை காலை சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து, "செல்வி, கையில இருக்கிற பீஸை வச்சிட்டு வாம்மா" என்றபோதே ஏதோ கெட்ட சேதி என்று தெரிந்துவிட்டது. சபுரா அக்கா போய்விட்டார். ராயக்கோட்டையில் அவர் வீட்டில், விடிந்த கொஞ்ச நேரத்தில். பர்மிஷன் போட்டு, ஓசூரில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் மய்யத்தை அடக்கத்துக்கு எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

பைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்பது வருஷம் நானும் அவரும் ஒரே டேபிளில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அலுமினியத்தில் வார்த்து வரும் வண்டி பாகங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். கீறலோ பொடி ஓட்டையோ இருந்தால் சிவப்பு பெயின்ட் தொட்டு ஒதுக்குவோம். எட்டு மணி நேரமும் ஒரு சாண் தூரத்திலேயே கண்ணை வைத்திருக்கிற வேலை.

ஒருமுறை கம்பெனியில் கண் கேம்ப் போட்டார்கள். வந்த டாக்டரம்மா எங்கள் எல்லாருக்கும் ஒரே புத்திமதி சொன்னார்: டீ பிரேக்கில் வெளியே போய் தூரத்தில் எதையாவது பாருங்கள். எங்கே பார்ப்பது? இந்தப் பக்கம் காம்பவுண்டு சுவர், அந்தப் பக்கம் அடுத்த கம்பெனியின் தகரக் கூரை. "மேல பாருங்கடி, அதவிடத் தூரம் ஏது?" என்று அக்காதான் எங்களை வண்டி ஸ்டாண்ட் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். மேகத்தில் உருவம் பார்ப்பது அன்றைக்குத் தொடங்கியது.

அம்மாடி, அக்கா கண்ணுக்கு எதுதான் தெரியாது! ஊதுகுழல் தெரியும், முக்காடு போட்ட கிழவி தெரியும், காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நாய் தெரியும். அத்திப்பள்ளியிலிருந்து வருகிற மஞ்சுளா ஒருநாள் மேகத்தைக் காட்டி "எம்மெ" என்றாள். சூளகிரி லட்சுமி "இல்ல, பர்ரெ" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அக்காவுக்குக் கன்னடம், தெலுங்கு இரண்டும் வரும். வேண்டுமென்றே பத்து நிமிஷமும் இரண்டு பேரையும் சண்டை போட விட்டுவிட்டு, பெல் அடித்ததும், "ரெண்டும் எருமதாண்டி எருமைங்களா, உள்ள வாங்க" என்றார். லட்சுமி டீயைப் புடவையில் கொட்டிக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு மட்டும் எதுவும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எருமை என்பார்கள், நானும் பார்ப்பேன். கொம்பு ஒன்று சின்னது, ஒன்று பெரியது, வயிறு கரைந்து போயிருக்கிறது, "இது எருமயாக்கா? ரிஜக்ட்" என்பேன். எங்கள் டேபிளில் மாதிரிக்கு ஒரு நல்ல பீஸ் இருக்கும், அதோடு ஒத்துப் பார்த்துத்தான் மற்றதைப் பாஸ் செய்வோம். மேகத்தையும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், பைத்தியக்காரி. அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

ரோஷம் வந்து, என் பையனின் பாடப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தேன். அக்கா மரியாதையாக முழுதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "பேரு தெரிஞ்சா போதுமா செல்வி? வந்திருக்கிறது யாருன்னு பாக்க வேணாமா?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

வேலையிலும் அவர் அப்படித்தான். ஒருநாள் ஒரு பீஸை என்னிடம் நீட்டி, "கிளி பாரு, கிளி" என்றார். வாங்கிப் பார்த்தேன். அவர் மூக்கு என்று காட்டிய இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். சிவப்பு வைத்துக் கூடையில் போட்டேன். "கிளியக் கொன்னுட்டியேடி பாவி!" என்று டேபிள் அதிரச் சிரித்தார். விரிசலை அவரும் பார்த்துத்தான் இருந்தார். ஒன்பது வருஷத்தில் அவர் கையிலிருந்து ஒரு கெட்ட பீஸ் வெளியே போனதில்லை.

கிட்னி கெட்டுப்போய் வேலையை விட்டு நின்றார். கடைசியாக நான் பார்த்தது அவர் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. நடு அறையில் படுக்க வைத்திருந்தார்கள், அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய போயி வானத்துல என்னா இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லும்மா. பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார். தெருவில் போய் நின்றேன். நல்லாத்தான் பார்த்தேன். கோட்டை மலை உச்சியே தெரியாமல் ஒரே சாம்பலாக அப்பிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்து, "ஒண்ணுமில்லக்கா. மொத்தமா மூடிக்கிட்டிருக்கு. படை மேகம்" என்றேன்.

"ஒண்ணுமேவா இல்ல?"

"இல்லக்கா."

"சரி, இன்னொரு நாளு பாத்துச் சொல்லு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் காலைப் பிடித்துவிட்டேன். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்க எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை அதே தெருவில் வந்து நின்றபோதுதான் உறைத்தது. ஒரு கோழி என்று சொல்லியிருக்கலாமே. ஒரு குடம் என்று சொல்லியிருந்தால் என் வாய் வெந்தா போயிருக்கும்? அவர் மகள் ஆயிஷாவைக் கட்டிக்கொண்டு இதைச் சொல்லி அழுதேன். அந்தப் பெண் என்னைத் தேற்றியது: "அய்யோ, அழாதீங்கக்கா. நீங்க போனதும் அம்மா என்னா சொன்னாங்க தெரியுமா? 'செல்வி மூடிக்கிட்டிருக்குன்னா மூடித்தான் இருக்கும், மாடியில துணி கெடக்குது எடு'ன்னாங்க. எடுத்து உள்ள போட்டேன், மழ புடிச்சிக்கிச்சு."

அவருக்கு என்மேல் நம்பிக்கை இருந்தது என்று அந்தப் பெண் சொல்கிறது. இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு அக்கா கேட்டது மழை வருமா என்று இல்லையே.

இப்போதும் டீ பிரேக்கில் வண்டி ஸ்டாண்ட் பக்கம் போய் நிற்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பத்து நிமிஷமும், பார்த்துச் சொல்லச் சொன்ன அந்தப் பேச்சும்தான். பக்கத்தில் அவர் தோள் இல்லாதது இன்னும் பழகவில்லை. இன்று கர்நாடகா பக்கமிருந்து ஒரு பெரிய வெள்ளைத் திரள் மெதுவாக வந்தது. கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்தேன். எப்போதும் போல ஒன்றும் தெரியவில்லை.

"ஒட்டகம்க்கா" என்றேன், வாய்விட்டே. "ரெண்டு குட்டியோட போவுது."