கப்பலுக்கு எத்தனை பெட்டி?

என் அம்மா கங்கம்மாள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விடிவதற்கு முன்பே பழவேற்காட்டில் பஸ் ஏறுவாள். இறாலும் நண்டும் ஐஸோடு கூடையில் இருக்கும். பொன்னேரியில் இறங்கி ரயில் பிடித்து கும்மிடிப்பூண்டி போவாள். அங்கே சிப்காட் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கும் தெருக்களில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை நடப்பாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதுதான் அவள் பிழைப்பு. கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போடச் சொல்லும் கண்டக்டர்களோடு மல்லுக்கு நின்றே அவள் தொண்டை தடித்துப்போனது என்பார் என் அப்பா, எங்கள் நைனா.

"கரைஞ்சி போற ஐஸுக்கு இன்னாத்துக்குய்யா டிக்கெட்டு? எறங்கறப்போ பாரம் பாதிதான் இருக்கும், அப்ப பாதிக் காசு திருப்பித் தருவியா?" என்று கேட்பாள். கண்டக்டர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிடுவார். அதே பஸ்ஸில் கம்பெனிக்குப் போகப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு மானம் போகும்.

இவளைப் போய் ஒரு சொகுசுக் கப்பலில் மூன்று நாள் உட்காரவைக்கலாம் என்று நினைத்தான் என் தம்பி ஆகாஷ். அவனுக்கு அந்தக் கப்பலில்தான் வேலை. துணி வெளுக்கும் பிரிவு. கப்பலின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத இடத்தில், மற்றவர்கள் படுத்து எழுந்த விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற வேலை. போய்ப் பத்து மாதமாகியும் வீட்டுக்கு வரவில்லை. மும்பைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த கப்பல் இந்த சீசனில் சென்னைக்கு வந்தது. வந்து என்ன பயன்? காலையில் ஒரு கூட்டம் இறங்கும், சாயங்காலம் அடுத்த கூட்டம் ஏறும். அன்றைக்குத்தான் அவர்களுக்கு முதுகு ஒடிகிற வேலை. பிள்ளை துறைமுகம் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

காலியாகக் கிடக்கும் அறைகளை அங்கே வேலை பார்ப்பவர்களின் வீட்டாருக்குப் பாதி விலைக்குத் தருவார்களாம். ஆகாஷ் தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி அம்மாவுக்கும் நைனாவுக்கும் டிக்கெட் போட்டான். ஆனால் ஒரு சட்டம் இருந்தது. வேலை இல்லாமல் அவன் பயணிகள் பக்கம் வரக்கூடாது. பெற்ற தாயாக இருந்தாலும் சரி, அவள் அறைக்குள் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் வேலை போய்விடும்.

"அப்ப நான் எதுக்குடா வரணும்?" என்றாள் அம்மா போனில்.

"எங்கனா வழில பாத்துக்கலாம்மா. பாத்தா குட் மார்னிங் சொல்லுவேன்."

"நான் பெத்த புள்ள எனக்கு குட் மார்னிங் சொல்றதுக்கு நான் கப்பல் ஏறி வரணுமா?"

அவன் சிரித்தான். பிறகு, "மா, பெரிய பொட்டியா ஒண்ணு எடுத்துக்கினு வா. கையில தூக்கிக்கினு அலையாத. கரையிலயே வாங்கிப்பாங்க, ரூமுக்கு வந்துடும். மறந்துடாத" என்றான். துணி துவைக்கிறவன் அம்மாவும் நான்கு பேர் மாதிரி கௌரவமாக வரட்டும் என்று நினைக்கிறான் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நைனா வரவில்லை. எங்கள் ஏரியில் வலை கட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை உண்டு. அதைப் பாடு என்போம். அந்த வாரம் எங்கள் பாடு. விட்டால் அடுத்த முறை எப்போது வருமோ தெரியாது. "பாடு இல்லன்னாலும் வரமாட்டேன்" என்றார் நைனா. "தெனம் ஓசில தண்ணி மேல போறேன். டப்பு குடுத்துப் போவ நான் இன்னா பைத்தியமா? அதுவும் பொட்டி கட்டிக்கினு! ஒரு லுங்கி, ஒரு தூக்கு சோறு. அதுக்கு மேல எடுத்துக்கினு எவனாவது கடலுக்குப் போவானா?" இப்படியாக அவர் டிக்கெட் என் தலையில் விழுந்தது. சிப்காட்டில் பம்புக்கு வாஷர் அடிக்கிற கம்பெனியில் லீவு கேட்டு நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம்.

அம்மா பெட்டி கட்டத் தொடங்கினாள். குவைத்திலிருந்து திரும்பிவந்த எதிர்வீட்டு பாக்கியராஜ் அண்ணனிடம் ஒரு பெரிய பெட்டி கடன் வாங்கினாள். ஆளையே உள்ளே படுக்கவைக்கலாம், அவ்வளவு பெரிது. ஒரு சக்கரம் மட்டும் சுற்றாது. அதில் முதலில் இரண்டு புடவை போனது. பிறகு ஏழு. "டெய்லி சோறு துன்ன தனித்தனியா டிரெஸ்ஸு போடுவாங்களாம்டி" என்றாள். புடவைக்கு நடுவில் ஒரு பொட்டலம் போனது. மடவைக் கருவாடு. அதை எடுத்து வெளியே வைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி உள்ளே இருந்தது, பக்கத்தில் இறால் ஊறுகாய் பாட்டிலோடு.

"கப்பல்ல சாப்பாட்டு சாமான் ஏத்த மாட்டாங்கம்மா. அங்க நூறு வகை வெப்பாங்க."

"அது ஏறி வர்றவனுக்கு. துணி தோய்க்கிறவனுக்கு இன்னா போடறானோ, நீ கண்டியா?"

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். பிள்ளையை ஒரு நிமிஷம் பக்கத்தில் நிறுத்தித் தொட்டுப் பார்க்கவேண்டும். அது நடக்காது என்று அவனே சொல்லிவிட்டதால், அந்த ஒரு நிமிஷத்துக்குப் பதிலாகப் பெட்டிக்குள் ஊரையே திணித்தாள். தைலம், முறுக்கு, அவனுடைய பழைய போர்வை, ரேணுகாம்பாள் கோவில் குங்குமம். பெட்டி மூடவில்லை. ஏறி உட்கார்ந்து மூடினாள். திருப்தி இல்லாமல் திறந்தாள். சோறு பாதியில் இருக்கும்போதே எழுந்துபோய் எதையாவது மாற்றி வைத்தாள். மீன் நிறுக்கும் தொங்கு தராசில் பெட்டியை மாட்டி, நைனாவை ஒரு பக்கம் தூக்கச் சொல்லி எடை பார்த்தாள். பிறகு இன்னொரு பெட்டி வாங்கிவரக் கிளம்பினாள்; கிடைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியையே ஏரியில் தள்ளியிருப்பேன். ஒருத்தி அலைந்தால் வீடே அலைகிறது. பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கும் ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் ஆகாஷ் வீடியோ காலில் வந்தான். படுத்துக்கொண்டே பேசினான். புரண்டு படுக்கும்போது முகத்தைச் சுளித்தான். சட்டைக்கு மேலே இடுப்பில் அகலமாகக் கறுப்பாக ஒன்று தெரிந்தது. அம்மா போனை மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள்.

"அது இன்னாடா இடுப்புல?"

"பெல்ட்டும்மா. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத்துக்கு எதுக்குடா கட்டிக்கினு படுத்திருக்க?"

மென்று விழுங்கிவிட்டுச் சொன்னான். கூட்டம் ஏறுகிற அன்றைக்குத் துணி வெளுப்பவன், பாத்திரம் கழுவுபவன் எல்லோரையும் பெட்டி தூக்க அனுப்பிவிடுவார்கள். கீழே மலை மாதிரி குவிந்து கிடக்கும் பெட்டிகளை மாடிவாரியாகப் பிரித்து ஒவ்வொரு அறை வாசலிலும் கொண்டுபோய் வைக்கவேண்டும். போன தடவை ஒரு பெட்டியைத் தூக்கும்போது முதுகில் பிடித்துக்கொண்டது. "இப்ப சரியாப்பூச்சும்மா. நீ பொட்டி கட்டிட்டியா? பெருசுதான?" என்று அப்போதும் கேட்டான்.

"கட்டிட்டேன்" என்று அம்மா போனை வைத்தாள்.

பிறகு பெட்டியைத் திறந்து தரையில் கவிழ்த்தாள். புடவை, பாட்டில், போர்வை, பொட்டலம் எல்லாம் கொட்டின. எந்தக் கருவாட்டுக்காக என்னோடு சண்டை போட்டாளோ அதைத் தூக்கிப் பரணில் போட்டாள்.

"இன்னாம்மா பண்ற?"

"கூடைய எறக்கி வெச்ச அப்புறமும் அது கழுத்துலயே உக்காந்துக்கினு இருக்கும்டி. ராவெல்லாம் உக்காந்துக்கினு இருக்கும். உனுக்குத் தெரியாது." பின்கழுத்தைத் தடவிக்கொண்டாள். "என் புள்ள முதுவுல நானே பாரம் ஏத்துவனா?"

காலிப் பெட்டியை அப்போதே இழுத்துக்கொண்டுபோய் பாக்கியராஜ் அண்ணன் வீட்டில் விட்டாள். ஒரு கட்டைப்பையில் இரண்டு புடவை, ஒரு துண்டு, சீப்பு. அவ்வளவுதான். என் துணியைக் கம்பெனியில் கொடுத்த முதுகுப் பைக்குள் அடைக்கச் சொன்னாள். கையில் ஜவுளிக்கடை பெயர் போட்ட கட்டைப்பையோடு சொகுசுக் கப்பல் ஏறப்போகிறோம் என்பதை நினைத்து எனக்கு அழுகை வந்தது. அவன்தான் பெரிய பெட்டி கேட்டானே என்றேன். "அவன் கேப்பான். கொழந்தைல கத்தியைக்கூடத்தான் கேட்டான்" என்றாள்.

பொன்னேரியில் ரயில் வந்ததும் காலின் பழக்கத்தில் வியாபாரிகள் ஏறும் பெட்டிக்கு ஓடினாள். இழுத்துவந்து லேடீஸில் உட்காரவைத்தேன். மீஞ்சூர் தாண்டுவதற்குள் இரண்டு தடவை எழுந்து நின்றுவிட்டாள். துறைமுகத்தில் வண்டி வண்டியாகப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. சீருடைக்காரர் ஒருவர் வந்து லக்கேஜ் என்று கை நீட்டினார். அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அதோடு விட்டாளா? எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத் தலைவரிடம் போய், "மூணு நாளைக்கு அஞ்சு பொட்டியா? தூக்கறவன் மனுசன் இல்லையா?" என்றாள். அந்த மனிதர் வெலவெலத்துப்போனார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு யாரோ போல நின்றேன்.

எங்கள் அறை கீழ்மாடியில், நீளமான ஒரு நடைபாதையின் நடுவில் இருந்தது. கட்டில் மெத்தை எல்லாம் வெள்ளைவெளேர் என்று இருந்தது. அம்மா விரிப்பைத் தடவினாள். "அவன் தோச்சதுதான" என்றாள். உட்காரவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே சக்கரங்கள் உருளும் சத்தமும் பெட்டிகளைத் தொப்பென்று வைக்கும் சத்தமும் வந்துகொண்டே இருந்தன. யார் யாரோ பையன்கள் வந்து போனார்கள். ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள், மறுபடி போனாள்.

பிறகு ஆகாஷ் வந்தான். தள்ளுவண்டி நிறையப் பெட்டி, கையுறை, இடுப்பில் அந்த பெல்ட். இளைத்திருந்தான். நடைபாதையின் கோடியில் மேற்பார்வையாளர் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, "குட் ஈவினிங் மேடம்" என்று உரக்கச் சொன்னான். அடுத்தது அடிக்குரலில் வந்தது.

"மா, உன் பொட்டி எங்க? கீழ பூரா தேடிட்டேன். உன் ரூம் நம்பர்ல ஒண்ணுமே இல்ல."

"நீ தூக்கணுமேன்னு எடுத்துக்கினு வரலடா" என்றாள் அம்மா. தான் செய்தது அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்ற நினைப்பில் அவள் முகம் மலர்ந்திருந்தது.

அவன் முகம் விழுந்துவிட்டது. "ஐயோ, அதுக்குத்தாம்மா எடுத்துக்கினு வரச் சொன்னேன். பொட்டி வெக்கற சாக்குலதான் நான் உள்ள வர முடியும். இந்த மாடி டூட்டிக்கு எவ்ளோ பேரைக் கெஞ்சி மாத்திக்கினு வந்தேன் தெரியுமா? இனிமே மூணு நாளும் நான் மேல வரவே முடியாதும்மா."

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கோடியிலிருந்து மேற்பார்வையாளர் அவன் பெயரைச் சொல்லி அதட்டினார். ஆகாஷ் கண்ணை இறுக்கி மூடித் திறந்து, வண்டியின் கைப்பிடியைப் பற்றித் தள்ள ஆரம்பித்தான்.

அம்மா சட்டென்று உள்ளே திரும்பினாள். கட்டிலில் கிடந்த கட்டைப்பையை எடுத்துவந்து வாசலுக்கு வெளியே வைத்தாள். கும்மிடிப்பூண்டித் தெருக்களில் நண்டு விற்கிற அதே குரலில், கப்பல் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"இன்னாப்பா தம்பி! என் பையை வெளியவே வெச்சிட்டு நீ பாட்டுக்குப் போய்க்கினே இருக்க? நான் வயசானவ, தூக்க முடியுமா? உள்ள கொண்டாந்து வை!"

எல்லாக் கதவும் திறந்தன. மேற்பார்வையாளர் பதறிப்போய், உள்ளே கொண்டுபோய் வை என்று ஆகாஷுக்குக் கை காட்டினார். என் தம்பி குனிந்தான். இரண்டு புடவையும் ஒரு சீப்பும் இருந்த அந்தப் பையை இரண்டு கையாலும் தூக்கினான். முக்கி முனகிக்கொண்டு உள்ளே கொண்டுபோனான்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தி, அதில் முதுகை வைத்து நின்றுகொண்டேன். உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. சற்றுப் பொறுத்து மேற்பார்வையாளர் என்னை நோக்கி நடந்துவந்தார். இன்னும் முடியவில்லையா என்று கேட்டார்.

"பாரம் ரொம்ப ஜாஸ்தி சார்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "எறக்கி வைக்கக் கொஞ்சம் நேரமாகும்."