வாசப்படி இல்லாத ஹால்

கட்டுக்கதை என்று நினைத்தால் இதோடு நிறுத்திவிடுங்கள். இது 1996-இல், கோயம்புத்தூர் வடவள்ளியில் நடந்தது. அந்த வீடு இன்னும் நிற்கிறது. கதிரேசனும் இருக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்தால் இன்றைக்கும் காலை அசைக்க மாட்டான். ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருந்தான். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் புத்தகம் அவனைப் பிடித்து ஆட்டியது. அதில் ஒரு வீடு. ஹால் எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. நடுவில் கண்ணாடிக் கதவு மட்டும். தள்ளிவிட்டால் அதுவும் இல்லை. தன் வீட்டுப் பின்சுவரை இடித்து அதே மாதிரி செய்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டான். ஹாலில் போடும் டைல்ஸ் அப்படியே மாமரத்தடி வரை ஓட வேண்டும். நடுவில் படி, மேடு, ஒன்றும் கூடாது.

மேஸ்திரி மாரப்பன் தலையைச் சொறிந்தார். "வாசப்படி இல்லாம ஊடாங்க தம்பி? மழைத்தண்ணி உள்ள வந்துருமே."

"தண்ணி வெளிய ஓடற மாதிரி வாட்டம் குடுத்துக்கலாம் மேஸ்திரி."

"தண்ணிக்கு வாட்டம் குடுக்கலாமுங்க. மத்ததுக்கு?" என்று சிரித்தார். "சரி, உங்க ஊடு. கம்பளிப் பூச்சியோட குடித்தனம் பண்ணுங்க."

குறுக்கே நின்றது ஜூலி மட்டும்தான். அவன் மனைவி கயல்விழி கல்யாணமாகி அன்னூரிலிருந்து வந்தபோது கூடவே கூட்டிவந்த செம்பட்டை நாய். அது வீட்டுக்குள் வரக் கூடாது என்பது கதிரேசன் போட்ட சட்டம். ஜூலி ஒரு நாளும் மீறவில்லை. பின்வாசப்படியில் தாடையை வைத்து, உள்ளே பார்த்துக்கொண்டே படுத்திருக்கும். அந்தப் படியை உடைக்கக் கடப்பாரை வந்தபோதுதான் முதன்முதலாகப் பல்லைக் காட்டியது. யாரையும் கிட்டே விடவில்லை.

ஆடிப் பதினெட்டுக்குக் கயல்விழி அன்னூர் போனாள். அன்றைக்கே கதிரேசன் ஜூலியைப் பட்டறை டெம்போவில் ஏற்றினான். பல்லடம் தாண்டி, ஒரு கோழிப்பண்ணைப் பக்கம் இறக்கிவிட்டான். வண்டி கிளம்பியதும் பக்கக் கண்ணாடியில் பார்த்தான். ஜூலி பின்னாலேயே ஓடி வந்தது.

ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

"மணல் லாரி வந்தப்ப கேட்டு தொறந்திருந்துச்சு. ஓடிப்போச்சு கயலு" என்று அவளிடம் சொன்னான். அவள் அழுதாள். தினமும் மாமரத்தடியில் பால்சோறு வைத்தாள். காலையில் எறும்பு மொய்த்த அந்தத் தட்டைப் பார்க்காமல் இருக்க, அவன் முன்வாசல் வழியாகவே போய்வந்தான்.

ஐப்பசியில் வேலை முடிந்தது. பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

ஒரு சாயங்காலம், மணி 6:10. கயல்விழி தையல் வகுப்பிலிருந்து இன்னும் வரவில்லை. கதிரேசன் ஹாலில் தனியாக இருந்தான்.

டிக்… டிக்… டிக்…

டைல்ஸ் மேல் நகம் படும் சத்தம். தோட்டத்திலிருந்து ஹாலை நோக்கி வந்தது. சட்டென்று நின்றது.

திரும்பினான். யாருமில்லை. ஆனால் தரையில் ஈரக் கால்தடங்கள். மாமரத்தடியிலிருந்து நேராக வந்து, ஓரிடத்தோடு நின்றிருந்தன. பழைய வாசப்படி இருந்த இடம். அங்கே இப்போது ஒரு கோடுகூடக் கிடையாது. அன்றைக்கு மழையும் இல்லை.

மாப்பை எடுத்து அவசரமாகத் துடைத்தான்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். கயல்விழி கேட்டைத் திறப்பதற்குள் துடைத்துவிட வேண்டும்.

"ஏனுங்க, காப்பி டம்ளரக்கூட எடுத்து வெக்க மாட்டீங்க. இப்ப என்ன மாப்பும் கையுமா நிக்கறீங்க?"

"தூசி" என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. தையல் வகுப்பு இல்லை. கண்ணாடிக் கதவு திறந்தே இருந்தது. கரண்ட் போனது.

டிக்…

கயல்விழி நிமிர்ந்தாள். "ஜூலி?"

"காத்து, கயலு."

டிக்… டிக்…

"ஜூலிதானுங்க! நனைஞ்சுபோட்டு நிக்குது…" இருட்டைப் பார்த்துக் கை நீட்டினாள். "அங்கயே ஏன் கண்ணு நிக்கற? உள்ள வா."

"கூப்புடாத!"

கூப்பிட்டாகிவிட்டது.

டிக். டிக். டிக்.

படி இருந்த இடத்தைத் தாண்டியது.

அவளைத் தாண்டியது.

அவன் நாற்காலிக்கு அடியில் வந்து… நின்றது.

வலது பாதத்தின் மேல் ஏதோ இறங்கியது. ஈரமாக. கனமாக.

ஒரு தாடை.

கரண்ட் வந்தபோது அங்கே ஒன்றுமில்லை. பாதம் மட்டும் நனைந்திருந்தது.

கயல்விழி அவனையே பார்த்தாள். "அதைய என்ன பண்ணுனீங்க?"

சொன்னான். வண்டிக் கண்ணாடியில் பார்த்ததையும் சொன்னான்.

விடிந்ததும் பல்லடம் கிளம்பினார்கள். போகும் வழியில் மாரப்பன் வீட்டில் நிறுத்தி, இன்றைக்கே பின்பக்கம் ஒரு படி வைத்துவிடச் சொன்னான்.

விசாரித்ததும் பண்ணைக் காவலாளி குமாரசாமி, ஆணியில் மாட்டியிருந்த சிவப்புக் கழுத்துப் பெல்ட்டை எடுத்து நீட்டினார். ஜூலிக்காகக் கயல்விழி தைத்த பெல்ட்.

"ஆடிப் பதினெட்டு அன்னிக்குங்க. ஏதோ ஒரு டெம்போ பின்னாலயே ஓடுச்சு. எதுக்கால வந்த தீவன லாரி… நாந்தான் அந்த வேப்பமரத்தடில பொதைச்சேன். பாவமுங்க, கடைசி வரைக்கும் அந்த ரோட்டையே பாத்துட்டுக் கெடந்துச்சு."

வீடு திரும்பியபோது மாரப்பன் தோட்டத்தில் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார். கதிரேசன் நாற்காலியில் சாய்ந்தான். கையில் பெல்ட். கயல்விழி சுவரோரமாக நின்றாள்.

மாரப்பன் படிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஹாலுக்குள் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, ஜூலி எப்பங்க தம்பி வந்துச்சு? ஒரு வார்த்த சொல்லல! மொதல்ல அதைய வெளிய கூப்புடுங்க. பூச்சு காயறதுக்குள்ள மிதிச்சுப்போடும்."

கல்லை இறக்கி வைத்துவிட்டு, பூச்சுக் கரண்டியை நீட்டி, அவன் காலடியைக் காட்டினார்.

கதிரேசன் காலை அசைக்கவில்லை.