சோக இசை என்று எழுதியவள்

தொலைக்காட்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்கும் கழிவறைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கும் ஒரு சின்ன அறையில் காதக்கா வேலை பார்க்கிறாள். பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்தார்கள். ஆனால் காலை பத்து மணிக்கு மாட்டிய ஹெட்போனை மாலை வரை கழற்றாதவளை ஓர் அலுவலகம் வேறு எப்படிக் கூப்பிடும்? காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் வரிகள் ஓடுகின்றனவே, அவற்றைத் தட்டச்சு செய்வது அவள்தான். யார் என்ன பேசினார்கள், எங்கே கதவு அறைந்தது, எங்கே நாய் குரைத்தது எல்லாமே அவள் கைவழியாகத்தான் போக வேண்டும். காலடியில் இரண்டு மிதிகள் உண்டு. இடதை மிதித்தால் படம் பின்னால் போகும், வலதை மிதித்தால் முன்னால் பாயும்.

அவளுடைய பிரிவுத் தலைவருக்குக் கத்திரி என்று பெயர். வரி நீண்டால் நறுக்கிவிடுவார். இசைக்கு இரண்டே சொல் என்பது அவர் போட்ட சட்டம். சோக இசை, மகிழ்ச்சி இசை, பரபரப்பு இசை, முடிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒருமுறை 'தயங்கித் தயங்கி வரும் வயலின்' என்று எழுதியதற்கு, "ரசிச்சுக் கட்டுரை எழுதவாம்மா உங்கள உக்கார வச்சிருக்கு? ஜனங்க முகத்தப் பாப்பாங்களா, உங்க எழுத்தப் படிப்பாங்களா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்.

ஆனால் அவள் ரசிகைதான். அதிலும் ஒரு மாதிரியான ரசிகை. பாடல்களைப் பற்றி அவளிடம் பேசிப் பயனில்லை. பாடலைத்தான் ஊரே கேட்கிறதே! பேச்சுக்கு அடியில், யாரும் சட்டை செய்யாமல் ஓடும் பின்னணி இசைதான் அவளுக்கு உயிர். படகோட்டி ஒருவனுக்குக் கடிதம் வரும் பழைய படம் ஒன்று உண்டு. அவன் அதைப் பிரிக்கும்போதெல்லாம் ஒற்றை வயலின் நான்கு சுரம் வாசித்துவிட்டு நின்றுவிடும். ஐந்தாவது வராது. படத்தின் கடைசியில், அவன் பதில் எழுதி உறையை ஒட்டும்போதுதான் அந்த ஐந்தாவது சுரம் வரும். அதற்காகவே அந்தப் படத்தை ஒன்பது முறை பார்த்திருக்கிறாள். கதையைக் கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

தொடர்களின் முகப்பு இசை பற்றியும் அவளுக்குக் கறாரான கொள்கை இருந்தது. பாத்திரம் கழுவுகிறவளை ஈரக்கையோடு ஓடிவர வைக்காத முகப்பு இசை, முகப்பு இசையே இல்லை. இப்போது வரும் தொடர்களின் இசையை அவள் மனிதர் கேட்கும் பொருளாகவே மதிப்பதில்லை. ஒரே கீபோர்டு, ஆளுக்கு ஆள் முகத்தைக் காட்டி டமார் டமார். கணவர் என்று ஒருவர் இரண்டு வருடம் இருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் படத்தில் யாரும் பேசாத இடமாகப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார். அது சரிப்பட்டு வரவில்லை. அதன் பிறகு மாடியில் ஒற்றை அறை, ஒற்றை நாற்காலி, இரண்டு ஸ்பீக்கர். பார்த்தீர்களா, நாற்காலியைவிட ஸ்பீக்கர் அதிகம்.

இந்தப் பைத்தியத்தை அவளுக்கு ஒட்டவைத்தவன் அண்ணன். சின்ன வயதில் இருவரும் ஒரே துப்பறியும் தொடருக்காக வாரம் முழுக்கக் காத்துக் கிடந்தார்கள். சாவிக்கொத்தோடு அலையும் ஒரு பெண் துப்பறிவாளரின் கதை. அதன் முகப்பு இசையை அண்ணன் வாயாலேயே முழுசாக வாசிப்பான். இவள் சாப்பாட்டு மேசையில் தாளம் போடுவாள். அம்மா கரண்டியைத் தூக்கும்வரை கச்சேரி நடக்கும்.

அண்ணனுக்கு நாற்பத்தொன்றாவது வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தான், இரண்டு காதும் போய்விட்டது. அவனுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் வேலை. காது இல்லாமலும் செய்யலாம், செய்கிறான். மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர், அங்கே தனியாக வீடு. மருத்துவமனையிலிருந்து வந்ததும் பார்க்கப் போனவள், பழக்க தோஷத்தில் அவன் முழங்கையில் விரலால் அந்தத் தாளத்தைத் தட்டிவிட்டாள். அவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அதோடு சரி. பதினோரு வருடமாக மாதம் ஒரு குறுஞ்செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. "நல்லாருக்கியா?" "இருக்கேன்." தான் என்ன வேலை செய்கிறாள் என்பதைக்கூட அவள் அவனிடம் விளக்கியதில்லை. டிவி ஆபீசில் டைப் அடிக்கிறேன் என்றதோடு நிறுத்திக்கொண்டாள். காது போன அண்ணனிடம், காதை வைத்துத்தான் பிழைக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

இப்படியிருக்க, நிலையம் அந்தப் பழைய துப்பறியும் தொடரைத் தூசி தட்டி மறுபடி ஒளிபரப்ப முடிவு செய்தது. வரிகள் எழுதும் பொறுப்பு இவளுக்கு. கத்திரிக்கோ அதே சமயம் கண் அறுவை சிகிச்சை, மூன்று வாரம் விடுப்பு. நறுக்க ஆள் இல்லை.

முதல் பகுதியின் முகப்பு இசையை ஓடவிட்டதும் அவள் விரல் தானாக மேசையில் தாளம் போட்டது. அண்ணன் இதைப் பார்க்காமல் இருக்க மாட்டான். பதினோரு வருடமாக அவனிடம் பேசக் கிடைக்காத விஷயம் இதோ திரையில் ஓடுகிறது. இதை விட்டால் இனி எதை வைத்துப் பேசுவது? சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எழுதினாள். 'தவில்போல இரண்டு அடி. பேஸ் கிட்டார் மாடிப்படி ஏறுகிறது. ஜலதோஷம் பிடித்த புல்லாங்குழல் நுழைகிறது. துப்பறிவாளர் கதவைச் சாத்துகிறார்.' முதல் நான்கு பகுதிகளுக்கும் இதே கதைதான். மேசைத் தாளத்தைக்கூட ஓரிடத்தில் 'டக் டடக்' என்று எழுதிவைத்தாள். அவனைத் தவிர வேறு எவருக்கும் அது விளங்காது.

தொடர் ஒளிபரப்பானது. ஒரு நாள், இரண்டு நாள், போனை எடுத்து எடுத்துப் பார்த்ததில் கைதான் வலித்தது. ஐந்தாம் நாள் காலை, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது வந்தது. பதினோரு வருடத்தில் அவன் அனுப்பிய எல்லாச் செய்திகளையும் ஒட்டவைத்தாலும் இவ்வளவு நீளம் வராது.

"இந்த வரிகள எழுதறது நீதானே? வேற எந்தக் கிறுக்கு புல்லாங்குழலுக்கு ஜலதோஷம்னு எழுதும்? ஆனா தப்பா எழுதிருக்கே. கதவு சாத்தினதுக்கு அப்புறம்தான் புல்லாங்குழல் வரும், முன்னாடி இல்ல."

வந்த பேருந்தை விட்டுவிட்டாள். அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அந்த இடத்தைப் போட்டுக் கேட்டாள். அவன் சொன்னதுதான் சரி. காது போனவன், காதுள்ளவளைத் திருத்தியிருந்தான். சந்தோஷத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். "ஆமாண்ணா, நான்தான். நீ சொன்னதுதான் கரெக்ட். இன்னும் என்னென்ன எழுதட்டும், சொல்லு" என்று அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது.

"பழசுக்கு எதுவும் எழுதாதே. அது எனக்குள்ள தானா ஓடுது. எழுத்து வந்தா ஓட்டம் நின்னு போகுது. காது போனதுக்கு அப்புறம் வந்ததுதான் எனக்குத் தெரியாது. அதுக்கெல்லாம் நீ ரெண்டு வார்த்தையோட விட்டுட்டே. போன மாசம் ஆறரை மணி சீரியல்ல அந்தப் பொண்ணு, வீட்டக் காலி பண்ணிட்டு படிக்கட்டுல உக்காந்திருந்தாளே, ரெண்டு நிமிஷம்? சோக இசைன்னு போட்டிருந்தே. அது வயலினா, பியானோவா? நான் தினமும் மனசுக்குள்ள ஒண்ண வச்சுப் பாக்கறேன். எதுவும் பொருந்தல."

அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வழியும் இல்லை. ஆறரை மணித் தொடரில் பேச்சு நின்றதும் வலது மிதியை அழுத்துவது அவள் வழக்கம். படம் பாய்ந்து ஓடும், முகத்தைப் பார்ப்பாள். கண் கலங்கியிருந்தால் சோக இசை, பல் தெரிந்தால் மகிழ்ச்சி இசை. அடுத்த பேச்சு எங்கே தொடங்குகிறதோ அங்கே காலை எடுப்பாள். அந்த டமார் டமாரை உட்கார்ந்து கேட்பது யார்? ஊருக்கே பின்னணி இசையில் பாடம் எடுக்கிறவள், இத்தனை வருடமாகத் தொடர்களின் பின்னணி இசையைக் கேட்காமலே எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பகுதியைத் தேடி எடுத்தாள். மிதியிலிருந்து காலை விலக்கிவைத்துக்கொண்டு காட்சியை ஓடவிட்டாள்.

அந்தப் பெண் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள். மடியில் பை, கையில் பூட்டு. ஹெட்போனில் ஒன்றும் வரவில்லை. ஒலியைக் கூட்டினாள். ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்த்தாள், கழலவில்லை. பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தெருவைப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். வயலின் இல்லை, பியானோ இல்லை, காற்றுச் சத்தம்கூட இல்லை. இசையமைப்பாளர் மறந்தாரோ, இயக்குநர் வேண்டுமென்றே விட்டாரோ, இரண்டு நிமிடமும் அந்தக் காட்சியில் எதுவுமே இல்லை. அதன் அடியில் அவள் எழுதிய வரி மட்டும் கூச்சமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

பொய் சொல்லித் தப்பிக்கலாம்தான். பியானோ என்று ஒரு சொல் அனுப்பினால் போதும், அவன் நிம்மதியாக வைத்துக்கொள்வான். அந்தச் சொல்லைத் தட்டினாள், அழித்தாள். பிறகு உள்ளதை எழுதினாள்.

"அண்ணா, அங்க இசையே இல்ல. கேக்காமலே எழுதிட்டேன். என்ன மன்னிச்சிடு."

"ரெண்டு நிமிஷமும் ஒண்ணுமே இல்லயா?"

"ஒண்ணுமே இல்ல."

அதன்பின் செய்தி வரவில்லை. போச்சு, மாதம் ஒருமுறை வந்த 'இருக்கேன்'கூடப் போச்சு என்று நினைத்தாள். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள். இரண்டு மணிக்கு மேல்தான் போன் அதிர்ந்தது.

"அப்போ அந்த ரெண்டு நிமிஷம் காது கேக்கறவங்களும் என்ன மாதிரியேதான் பாத்திருக்காங்க. பதினோரு வருஷத்துல ஒரு தடவ, எல்லாரோடயும் சேந்து உக்காந்து பாத்திருக்கேன். அது எனக்குத் தெரியாமலே போச்சு பாரு."

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். காதக்கா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வாய்விட்டே அழுதாள். பக்கத்து அறையில் வேலை பார்க்கும் எடிட்டர் சத்தம் கேட்டுத் தலையை நீட்டினார்.

"என்னக்கா, சீரியல் அவ்வளவு சோகமா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு 'சோக இசை' என்ற அந்த இரண்டு சொல்லைத் தேர்ந்தெடுத்து அழிக்கப் பார்த்தாள். ஒளிபரப்பாகிவிட்ட பகுதியில் இனி யாரும் கை வைக்க முடியாது என்று கணினி சொல்லிவிட்டது.